பள்ளித் தொலைபேசி: யார் எடுப்பது?

மதிய நேரம். அலுவலகத் தொலைபேசி ஒலிக்கிறது, எடுக்க ஆளில்லை. ‘இன்று என்னைத் தவிர வேறு யாருடனும் பிள்ளையை அனுப்பாதீர்கள்’ என்று சொல்ல ஒரு தாய் அழைத்திருக்கலாம்.

இதற்காக ஒரே இணைப்பில் இரண்டு தொலைபேசிகளைப் பொருத்தினால், ஒருவர் பேசுவதை இன்னொருவர் எடுத்துக் கேட்க முடியும். குடும்பச் செய்தி வெளியே போய்விடும்.

இன்டர்காம் கருவி இருந்தால், அலுவலகம், தலைமையாசிரியர் அறை, ஆசிரியர் அறை ஆகிய மூன்று எக்ஸ்டென்ஷன்களையும் ஒரே குழுவாக அமைக்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து ஒலிக்கலாம்; அல்லது அலுவலகத்தில் எடுக்காவிட்டால் அடுத்த அறைக்கு மணி போகலாம். ஒருவர் எடுத்ததும் மற்றவை ஓய்ந்துவிடும்.

மின்தடையில் கருவி நின்றுவிடும் என்பதால் பேட்டரி அவசியம். ஒவ்வொரு தொலைபேசி அருகிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். செய்தி வகுப்பாசிரியரைச் சேர்ந்த பிறகே அழைப்பு முடிந்தது.