பெயரும் பொருளும்: இணைய நிரலில் மாறிகளும் தரவு வகைகளும்

சொல்லைத் திணை, பால், எண், இடம் என வகுத்துக் கண்டவர்கள் நம் இலக்கண முன்னோர். 'அவன் வந்தது' என்று ஒருவர் எழுதினால், திணை வழு நேர்ந்தது எனத் தமிழறிந்தார் உடனே உணர்வர். எழுவாயின் வகையறியாது பயனிலை அமைத்தல் இயலாது. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியைக் கற்கப் புகும் மாணவரும் முதற்கண் அறிய வேண்டுவது இத்தகைய வகைப்பாட்டையே. ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவைப் பத்தே நாள்களில் உருவாக்கினார்.

மாறி என்பது யாது?

அறியாத எண்ணுக்குப் பெயரிட்டுக் கணக்கிடும் முறை தொன்மையானது. கலீஃபா மஃமூன் ஆட்சிக் காலத்தில் (813–833) பாக்தாதில் விளங்கிய அல்-குவாரிஸ்மி இயற்கணித நூல் யாத்தார். அரபு இயற்கணித அறிஞர்கள் அறியாத எண்ணை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்றே வழங்கினர். நிரலில் வரும் மாறியும் ஒரு மதிப்புக்கு நாம் இடும் பெயரே ஆகும்.

லெட் தொகை = 40000

'லெட்' என்னும் ஆங்கிலச் சொல் மாறியை அறிவிக்கிறது; 'தொகை' என்பது அதன் பெயர். பெயரைத் தமிழ் எழுத்திலேயே அமைக்க இம்மொழி இடந்தருகிறது. பெயரின் நடுவே இடைவெளி கூடாது. எண்ணில் தொடங்குதலும் கூடாது.

ஈண்டுச் சமக்குறி சமத்துவத்தைக் குறிப்பதன்று. வலப்புற மதிப்பை இடப்புறப் பெயருக்கு உரியதாக்குகிறது. ஆதலின், கணிதத்தில் பொருந்தாத 'தொகை = தொகை + 500' என்னும் தொடர் நிரலில் பொருந்தும்; தொகை இப்போது 40500 ஆகும். மதிப்பை மாற்றலாகாது எனக் கருதினால் 'லெட்' என்பதற்கு மாற்றாகக் 'கான்ஸ்ட்' என எழுதுதல் வேண்டும். இவ்விரண்டும் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டவை.

அடிப்படை வகைகள்

தொடக்க நிலையில் ஐந்து வகைகளை அறிதல் போதும்.

1. எண்: கூட்டவும் பெருக்கவும் உரியது. முழு எண்ணும் பதின்மமும் இதனுள் அடங்கும். பதின்மங்கள் இரும எண்முறையில் சேமிக்கப்படுவதால் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என விடை தரும். ஆகவே பணக்கணக்கைப் பைசாவாக்கி முழு எண்ணில் கணித்தல் நன்று.

2. சரம்: மேற்கோள் குறிக்குள் அமையும் எழுத்துத் தொடர். 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. நிரலோ அதன் நீளத்தை 5 எனக் காட்டும். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதே காரணம்.

3. பூலியன்: உண்மை, பொய் என்னும் இரண்டே மதிப்புகள். ஜார்ஜ் பூல் (1815–1864) என்னும் கணித அறிஞரின் பெயரால் அமைந்தது.

4. அன்டிஃபைன்ட்: மாறி அறிவிக்கப்பட்டும் மதிப்பு அளிக்கப்படாத நிலை.

5. நல்: மதிப்பு இல்லை என நிரல் எழுதுவோரே அறிவிக்கும் நிலை. தேர்வெழுதிச் சுழியம் பெற்ற மாணவரின் மதிப்பெண் 0. தேர்வுக்கே வாராதவரின் மதிப்பெண் நல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டால் வகுப்பின் சராசரியே பிழைபடும்.

வழு எங்கே நேர்கிறது?

ஜகாத் கணக்கிடும் இணையப் பக்கம் ஒன்றை மாணவர் அமைப்பதாகக் கொள்வோம். ரொக்கம் 40000 எனவும் பொன்னின் மதிப்பு 60000 எனவும் ஒருவர் படிவத்தில் நிரப்புகிறார். கூட்டுத்தொகை 100000, நாற்பதில் ஒரு பங்கு 2500. ஆயின் பக்கமோ 100001500, அதாவது பத்துக் கோடிக்கு மேற்பட்ட தொகையைக் காட்டக்கூடும்!

காரணம் இதுவே: படிவத்தின் கட்டத்தில் இடப்படுவது எண்போல் தோன்றினும் நிரலுக்குச் சரமாகவே வந்து சேர்கிறது. சரங்களுக்கிடையே கூட்டற்குறி வரின் அவை கூட்டப்படாமல் ஒட்டப்படும், '4000060000' என்றாகும். அடுத்து 40ஆல் வகுக்கும்போது, வகுத்தல் எண்ணுக்கே உரியதாதலின், மொழி தானே சரத்தை எண்ணாக்கிக்கொள்கிறது. பிழை அறிவிப்பு ஏதும் எழுவதில்லை. வழுவை வழுவெனச் சுட்டாது அமைதி கூறி ஏற்பது இம்மொழியின் இயல்பு. கணினி தன் விதிப்படி சரியாகவே நடந்தது. வகை காணாது எழுதியவரிடமே குறை உள்ளது.

இதற்குத் தீர்வு எளிது. 'நம்பர்' என்னும் செயற்கூற்றால் சரத்தை எண்ணாக்கிய பின்னரே கூட்டுதல் வேண்டும். '40,000' எனக் காற்புள்ளியுடன் ஒருவர் நிரப்பினால் எண்ணல்லாதது என்னும் பொருளில் 'நேன்' என்ற விடை வரும். நிரப்பாது விட்ட கட்டமோ 0 என்றே கொள்ளப்படும். ஆகவே மாற்றுமுன் கட்டம் நிரப்பப்பட்டதா எனவும், மாற்றியபின் விடை எண்தானா எனவும் சோதித்தல் கடமையாகும்.

இதன் மறுதலையும் நினைவிற்கொள்ளத் தக்கது. 00417 என்னும் பதிவெண்ணை எண்ணாக மாற்றினால் 417 மட்டுமே எஞ்சும். கூட்டவோ சராசரி காணவோ தேவையில்லாத தொலைபேசி எண், பதிவெண், அஞ்சல் குறியீட்டெண் ஆகியவற்றைச் சரமாகவே வைத்தல் முறை.

ஒருவர் செலுத்த வேண்டிய கடமையின் அளவும் ஒரு மாணவரின் தேர்ச்சியும் இன்று நிரல்களால் கணிக்கப்படுகின்றன. அவற்றை எழுதும் கை நம் மாணவருடையதாகவும் இருக்கும். ஒவ்வொரு பெயரை இடும்போதும், இது எவ்வகைப் பொருளைக் குறிக்கிறது என வினவிப் பழகுக. இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இவ்வினா புதிதன்று.