கலெக்‌ஷன் எவ்வளவு?

ஷிப்ட் முடித்து டிப்போவுக்குள் நுழையும் அரசுப் பேருந்து நடத்துனரிடம் முன்பெல்லாம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி இது. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே பேருந்துக்கு மார்க் போட்டது கலெக்‌ஷன்தான். ஓட்டுநர், நடத்துனரின் படியும் அதை ஒட்டியே கூடும், குறையும். ஓட்டுநருக்கு இன்னொரு எண்ணும் உண்டு: ‘கே.எம்.பி.எல்.’, அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இதில் தமிழகக் கழகங்கள் கெட்டி. லிட்டருக்கு 5 கி.மீ.க்கு மேல் ஓட்டிக் காட்டி தேசிய அளவில் விருது வாங்கியவை.

நஷ்டத்தில் ஓடும் கழகத்துக்கு இரண்டும் தேவையான எண்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் எதை அளக்கிறார்களோ அதற்குத் தக்கபடிதான் பேருந்து ஓடும். பஸ் பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளால் கலெக்‌ஷன் ஏறாது; அதனால் அவர்கள் கூட்டமாக நின்றால் வண்டி இருபதடி தள்ளிப் போய் நிற்கும். புத்தகப் பையோடு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அதுவரை வசூலாகக் கணக்கில் வந்த பெண் பயணி, ஒரே உத்தரவில் பூஜ்யச் சீட்டு ஆனார். அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குத் தருகிறது. திட்டத்தின் பலனை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தபோது கிடைத்த எண்: ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம். கழகத்தின் பையை விட்டுவிட்டுப் பயணியின் பையில் அளந்த எண் அது. பணக் கணக்கோடு வாடிக்கையாளர், உள்வேலை, ஊழியர் கற்றல் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று 1992-ல் மேலாண்மை அறிஞர்கள் காப்லானும் நார்ட்டனும் எழுதினார்கள். மேலாண்மைக் கல்லூரிகள் இன்றும் அதைச் சொல்லித் தருகின்றன. நம் டவுன் பஸ்ஸுக்கு அது தேர்தல் வாக்குறுதி வழியாக வந்து சேர்ந்தது!

இப்போது பெருமையோடு அறிவிக்கப்படுவது இத்தனை கோடி கட்டணமில்லாப் பயணங்கள் என்ற எண். அதிலும் ஓட்டை உண்டு. படிக்கட்டுவரை நெருக்கியடித்து ஏறினாலும் பயணம் பயணம்தான், எண் ஏறிவிடும். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றவரும், காத்திருந்து அலுத்து ஷேர் ஆட்டோவில் போனவரும் அதில் வரமாட்டார்கள். பெண்கள் கை காட்டியும் வண்டி நிற்காமல் போவதாகப் புகார்கள் எழுந்தன. கட்டணம் போயிற்று, கலெக்‌ஷன் பார்த்துப் பழகிய கண் உடனே மாறிவிடுமா?

பத்தாயிரம் கி.மீ.க்கு எத்தனை பிரேக்டவுன், லட்சம் கி.மீ.க்கு எத்தனை விபத்து என்றெல்லாம் கணக்கு வைக்கத் தெரிந்த துறை இது. வண்டி எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டும் வசதியும் சென்னையில் வந்துவிட்டது. ஆகவே ரூட் வாரியாக இரண்டு எண்களை மாதந்தோறும் டிப்போ வாசலில் எழுதிப் போடுங்கள்: எத்தனை ட்ரிப் கட் ஆனது, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடைவெளி எத்தனை நிமிடம். கிளை மேலாளருக்கு மார்க் போடுவதும் அவற்றை வைத்தே நடக்கட்டும்.