ஆழ்ந்த ரணமும் தாதியர் பணியும்

புரையோடிய புண் என்று நம் ஜனங்கள் சொல்லுவதில் ஒரு பெரிய வைத்திய உண்மை அடங்கியிருக்கிறது. மேலே தோல் மூடி உள்ளே சீழ் கட்டிய ரணத்தினும், வாய் திறந்திருக்கும் ரணமே மேலானது. இவ்வுண்மைக்கு உலகம் கொடுத்த விலை சிறிதன்று.

1914-ஆம் வருஷத்தில் மூண்ட ஐரோப்பிய மகாயுத்தத்தில், பிரான்ஸ் தேசத்து வயல்களில் வீழ்ந்த சிப்பாய்கள் குண்டினால் மட்டும் மாண்டார்களில்லை. நெடுங்காலம் எருவிட்ட மண்ணிலிருந்த கிருமிகள் குண்டுச் சிதறல்களோடும் துணிக்கந்தைகளோடும் தசைக்குள் புகுந்தன, காற்றுப் புகாத ஆழத்தில் பெருகின, தசை அழுகிற்று. அக்காலை, கொம்பியேன் நகரத்து ஆஸ்பத்திரியில் அலெக்ஸிஸ் காரல் என்னும் ரண வைத்தியரும் ஹென்றி டேக்கின் என்னும் ரசாயன சாஸ்திரியும் ஒரு முறையை வகுத்தனர். செத்த தசை முதலில் அறுத்து நீக்கப்பட்டது. பின்னர், நூற்றுக்கு அரைப் பங்கு வீதம் ஸோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர், ரப்பர்க் குழாய்களின் வழியே இரண்டு மணிக்கொரு தரம் ரணத்தின் மூலைமுடுக்கெங்கும் செலுத்தப்பட்டது. நாள்தோறும் அதைத் தவறாது நடத்திவைத்ததில் தாதியரின் பங்கு பெரிது.

இன்று மருந்து மாறியிருக்கிறது. அந்நீர் ஆறிவரும் தசையையும் வருத்தக்கூடுமென்று கண்டபின், பெரும்பாலும் உப்புநீர் கொண்டே கழுவுகின்றனர். ரணம் உலர்ந்தால்தான் ஆறும் என்ற பழைய எண்ணத்தை, 1962-ல் ஜார்ஜ் வின்டர் வெளியிட்ட ஆராய்ச்சி அசைத்துவிட்டது. ஆயினும் தத்துவம் மாறவில்லை. அடிவரை பார்க்கவேண்டும், செத்ததை நீக்கவேண்டும், கழுவவேண்டும், பள்ளத்தை இறுக அடைக்காமல் தளரத் துணியிட்டு, அடியிலிருந்து ஆறவிட வேண்டும். உள்ளே வைத்த துணிகளை எண்ணிக் குறித்து, அத்தனையையும் திரும்ப எடுக்கவேண்டும்.

இதற்கு வேண்டுவது பொறுமையும் நேரமுமாகும். ஆஸ்பத்திரிக் கட்டடங்களை உயர்த்திவிட்டு, ஒரு தாதியின் தலையில் பலர் செய்யவேண்டிய வேலையைச் சுமத்துவோமாயின், அவள் ரணத்தின் வாயைத்தான் துடைக்க முடியும். அடியைக் காண முடியாது. தாதியர் தொகையைப் பெருக்குவது தர்மமன்று, கடமை என்று வற்புறுத்துகிறோம்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழ்ந்த காயத்தில் மஞ்சளையும் காப்பிப் பொடியையும் அப்பி மூடாதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, ரண ஜன்னிக்குத் தடுப்பூசி வேண்டுமா என்பதை வைத்தியரிடம் உடனே கேளுங்கள். மூடி மறைத்த புண் ஆறிய புண் ஆகாது.