பணியிடக் காற்றும் புற்றுநோய்க் கணக்கும்

காரைக்காலின் மீனவக் கிராமங்களில் இன்று கட்டுமரங்களைக் காண்பது அரிது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகளே கரையை நிறைத்திருக்கின்றன. கண்ணாடி இழை விரிப்பின் மீது ரெசினைப் பூசிப் பூசி இந்தப் படகுகளைச் செய்கிறார்கள். உடைந்தால் அதே முறையில் ஒட்டுகிறார்கள். வேலை நடக்கும் கொட்டகையை நெருங்கும்போதே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருளின் நெடி அது.

பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்பதால், படகு வேலை செய்யும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: 'சார், இந்த வாசனையால புத்துநோய் வரும்னு சொல்றாங்களே, எனக்கு வருமா?' ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தர என்னால் முடியவில்லை. அறிவியலின் குறைபாடு மட்டும் இதற்குக் காரணமன்று. அந்தக் கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, இந்தப் பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் தன்மை இருக்கிறதா என்பது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதற்கு விடை சொல்கிறது. பென்சீன், கல்நார், வினைல் குளோரைடு ஆகியவை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்னும் முதல் தொகுதியில் உள்ளன. ஸ்டைரீன் 2018-இல் அதற்கு அடுத்த நிலையில், 'அநேகமாக உண்டாக்கக்கூடியவை' என்னும் தொகுதியில் சேர்க்கப்பட்டது. ஆனால், இந்தத் தொகுதிகள் சான்றின் வலிமையைக் காட்டுபவையே தவிர, ஆபத்தின் அளவைக் காட்டுபவை அல்ல. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் தொகுதியில்தான் உள்ளன. இரண்டின் ஆபத்தும் சமம் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு சுவாசித்தால் எவ்வளவு ஆபத்து என்பது. இந்தக் கணக்கைக் கட்டாயமாக்கியது ஒரு நீதிமன்ற வழக்கு. பணியிடக் காற்றில் பென்சீனின் வரம்பைப் பத்து லட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைத்து அமெரிக்க அரசு 1978-இல் விதி வகுத்தது. ஆபத்து கணிசமானது என்று நிறுவப்படவில்லை எனக் கூறி 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நூறு கோடியில் ஒருவருக்கு நேரும் ஆபத்தைக் கணிசமானதாகக் கொள்ள முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கு நேருமானால் கொள்ளலாம் என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கணக்குப் போட்டுக் காட்டி, அதே 1 பங்கு வரம்பை 1987-இல்தான் மீண்டும் கொண்டுவர முடிந்தது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம் பென்சீன் இருந்து, அக்காற்றை வாழ்நாள் முழுவதும் சுவாசித்தால், பத்து லட்சம் பேரில் 2.2 முதல் 7.8 பேருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. பத்து லட்சத்தில் 1 பங்கு என்பது ஏறத்தாழ 3,200 மைக்ரோகிராம். ஒரு தொழிலாளி ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்றில் பாதியைப் பணியிடத்தில் இழுக்கிறார், ஆண்டுக்கு 300 நாள் உழைக்கிறார், 70 ஆண்டு வாழ்வில் 30 ஆண்டு அந்த வேலையில் இருக்கிறார் எனக் கொண்டால், வாழ்நாள் சராசரி சுமார் 560 மைக்ரோகிராம் ஆகிறது. பெருக்கினால் வருவது, ஆயிரம் பேரில் சுமார் ஒருவர் முதல் நால்வர் வரை. சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். பென்சீன் மதிப்பீட்டின் அடித்தளம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரப்பர் படலம் தயாரித்த ஆலைகளின் தொழிலாளர்கள். அவர்கள் சுவாசித்தது மிக அதிக அளவு. அங்கிருந்து குறைந்த அளவுகளுக்கு ஒரு நேர்கோட்டை இழுத்துத்தான் நாம் ஊகிக்கிறோம். ஒரே எண்ணாக இல்லாமல் 2.2 முதல் 7.8 வரை என்று விடை விரிந்து நிற்பதற்கு இந்த ஊகங்களே காரணம்.

எண்களைத் தவறாகப் படிப்பதும் ஆபத்தே. கடலூர் சிப்காட் பகுதியில் வாழ்வோருக்குப் புற்றுநோய் அபாயம் 2,000 மடங்கு என்று, தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான 'நீரி'யின் ஆய்வை மேற்கோள் காட்டி 2008-இல் செய்தி வெளியானது. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. அதை 2,000-ஆல் பெருக்கினால் ஒருவருக்கே இருநூறு முறைக்கு மேல் நோய் வர வேண்டும். அது பொருளற்றது. இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவுகோல் 'பத்து லட்சத்தில் ஒருவர்' என்பதாகும். அதன் 2,000 மடங்கு என்றால் ஆயிரத்தில் இருவர். ஏற்கெனவே ஆயிரத்தில் சுமார் 111 பேருக்கு உள்ள வாய்ப்புடன் மேலும் இரண்டு சேர்கிறது. இப்படிச் சொன்னால் அச்சம் குறைகிறது; அநீதி குறைவதில்லை. இருபதாயிரம் பேர் வாழும் பகுதியில் அது 40 பேர். தாங்கள் தேர்ந்தெடுக்காத காற்றைச் சுவாசித்ததற்காக அவர்கள் தரும் விலை அது.

மூன்றாவது கேள்விதான் அந்தத் தொழிலாளி உண்மையில் கேட்டது: 'எனக்கு?' மதிப்பீடு கூட்டத்தைப் பற்றியே பேசும். ஆயிரத்தில் அந்த நால்வர் யார் என்று அது சொல்லாது. நோய் வந்த பிறகும் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். ஒரு வேலை நோய் வாய்ப்பை இரு மடங்காக்குகிறது என்றால், அந்த வேலை செய்து நோயுற்றவர்களில் பாதிப் பேருக்கு வேலை காரணம் என்று சொல்லலாம். எந்தப் பாதி என்று சொல்ல முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. தயாரித்த ஓர் ஆலையின் தொழிலாளர்கள் மூவர், கல்லீரலில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமா என்னும் மிக அரிய புற்றுநோயால் இறந்தது 1974-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஓர் ஆலையில் மூவருக்கு அது வந்தது தற்செயல் அன்று என்பது உடனே விளங்கியது. வினைல் குளோரைடின் வரம்பு 500 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்கப்பட்டது. அதே பொருள் நுரையீரல் புற்றுநோய் போன்ற பரவலான ஒன்றை உண்டாக்கியிருந்தால், அந்த மூவரும் எண்ணிக்கையில் கரைந்து போயிருப்பார்கள்.

நம் ஊரில் நிகழக்கூடியது இதுதான். 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ நூறு பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அந்த விகிதத்தில், படகு வேலை செய்யும் 50 பேரில் முப்பது ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ எப்படியும் நோய் வரும். வேலை அதை இரட்டிப்பாக்கினால் மூவருக்கு வரலாம். ஆனால், எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லாமலேயே மூவர் அல்லது அதற்கு மேல் நோயுற ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே, 'இங்கே யாருக்கும் பெரிதாக நோய் வரவில்லையே' என்ற சமாதானமும், 'மூவருக்கு வந்துவிட்டதே' என்ற குற்றச்சாட்டும் தம்மளவில் எதையும் நிறுவுவதில்லை.

ஆகவே, நோயாளிகளை எண்ணுவதற்குக் காத்திராமல் காற்றை அளக்க வேண்டும். தொழிலாளியின் சட்டைக் காலரில் பொருத்தும் சிறு கருவியைக் கொண்டு ஒரு பணிநேரம் முழுவதும் அவர் சுவாசிக்கும் அளவை அறியலாம். அதைச் செய்யாதவரை மேலே போட்ட கணக்கில் 560 என்ற எண் இருக்கும் இடம் வெற்றிடமாகவே இருக்கும். பெரிய ஆலைகளில் ஆய்வாளர்கள் அளவீட்டைக் கேட்டுப் பெற முடியும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் படகுக் கொட்டகையையும் வர்ணம் பூசுவோரையும் பெட்ரோல் பங்க் ஊழியர்களையும் யார் அளப்பது? புதுச்சேரி அரசின் தொழிலாளர், சுகாதாரத் துறைகள் இணைந்து இதற்கு ஓர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

அடுத்தது பதிவு. பணியிட வேதிப்பொருள்களால் வரும் புற்றுநோய்கள் பல, இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. காரைக்காலில் வசிப்பவர் நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ வேலை பார்க்கலாம். புதுச்சேரியிலோ சென்னையிலோ சிகிச்சை பெறலாம். வேலை ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலும் பதிவாகும்போது இரண்டையும் இணைக்கும் நூல் அறுந்துவிடுகிறது. பென்சீனால் வரும் நோய்களை இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோயாக ஏற்கிறது. ஆனால், எந்தப் பொருளோடு எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்குச் சான்று இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அச்சட்டம் எட்டாக்கனிதான். ஒவ்வொரு புற்றுநோயாளியிடமும் வாழ்நாள் தொழில் வரலாற்றை மருத்துவமனைகள் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அவர் கையாண்ட பொருள்களின் விவரமும் அளவீடும் எழுதப்பட்ட அட்டை இருக்க வேண்டும்.

அந்தப் படகுத் தொழிலாளியிடம், வருமா என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். கொட்டகையின் பக்கத் தட்டிகளைக் கழற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தவும், கரிம ஆவிகளைத் தடுக்கும் முகக்கவசம் அணியவும், ரெசின் வாளியை மூடி வைக்கவும் சொன்னேன். துணியை முகத்தில் கட்டுவது ஆவியைத் தடுக்காது என்பதையும் சொன்னேன். எந்த ஆண்டு முதல் எந்தக் கொட்டகையில் என்ன ரெசின் பயன்படுத்தினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். இதையெல்லாம் ஒரு தொழிலாளி தனியாகச் செய்ய வேண்டிய நிலை இருக்கக் கூடாது.