உங்கள் காரின் எச்சரிக்கைக்குப் பிள்ளையைத் தெரியுமா, கதவை மட்டும்தான் தெரியுமா?

வழமையாகப் பிள்ளையை முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது உம்மா. ஒருநாள் உம்மாவுக்குச் சுகமில்லை, வாப்பா கொண்டு போகிறார். பின் இருக்கையில் பிள்ளை உறங்கிவிடுகிறது, சத்தமில்லை. வாப்பாவின் கை தினமும் பழகிய வேலைத்தளப் பாதையிலேயே காரைத் திருப்புகிறது. இறங்குகிறார், பூட்டுகிறார், போய்விடுகிறார்.

பிள்ளையில் பாசமில்லாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் 1998 முதல் வாகனத்துக்குள் வெப்பத்தால் மரணித்த சிறுவர்களின் எண்ணிக்கை 900ஐத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் பெற்றோரோ பொறுப்பாளரோ மறந்துபோனதால் நிகழ்ந்தவை. அன்றாடப் பழக்கம் மாறுகின்ற நாள்தான் ஆபத்தான நாள்.

மூடிய காருக்குள் முதல் 10 நிமிடங்களிலேயே வெப்பநிலை சுமார் 10 பாகை செல்சியஸ் கூடுகிறது. வெளியே 31 பாகை என்றால் உள்ளே 41. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை. சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். "ஜும்ஆ முடிய வந்துவிடுவேன்தானே" என்ற கணக்கு இங்கே சரிவராது.

இதற்காக வந்த தொழில்நுட்பம் ஒன்றல்ல. வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் நம்புவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலாவது வகை கதவைக் கணக்கு வைப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் 2016இல் இதை அறிமுகப்படுத்தியது, பின்னர் நிஸான் உட்படப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. பயணத்துக்கு முன் பின் கதவு திறக்கப்பட்டிருந்தால், என்ஜினை நிறுத்தும்போது "பின் இருக்கையைப் பாருங்கள்" என்று டாஷ்போர்டில் காட்டும், மணி அடிக்கும். நிஸானின் முறையில், பின் கதவைத் திறக்காமலே போனால் ஹோர்னும் ஒலிக்கும். ஆனால் உள்ளே இருப்பது பிள்ளையா, சந்தைப் பையா என்று அதற்குத் தெரியாது. பைக்காகப் பத்துத் தடவை மணி அடித்தால் பதினோராவது தடவை யார் திரும்பிப் பார்ப்பார்? இடையில் பெற்றோல் ஷெட்டில் என்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் முந்தைய கணக்கை மறந்துவிடும் வாகனங்களும் உண்டு. வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்குள் பிள்ளை தானாக ஏறி அகப்பட்டுக்கொண்டால், இந்த முறை எதுவுமே செய்யாது.

இரண்டாவது வகை அசைவைக் கவனிப்பது. ஹூண்டாயின் சில வாகனங்களில் கூரையில் உள்ள உணரி, பூட்டிய பிறகு பின்னால் அசைவு தெரிந்தால் ஹோர்ன் அடிக்கும். ஆழ்ந்து உறங்கும் குழந்தை அசைவதில்லையே என்பது இதன் குறை.

அந்தக் குறைக்குப் பதிலாக வந்ததே ரேடார். 60 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணர்கிறது. போர்வைக்குள் இருந்தாலும், பின்நோக்கிய குழந்தை இருக்கையில் இருந்தாலும் கண்டுபிடிக்கும். யூரோ என்கேப் அமைப்பு 2023 முதல் வாகனத்துக்குள் பிள்ளை இருப்பதைக் கண்டறியும் வசதிக்குப் பாதுகாப்புப் புள்ளி வழங்குகிறது.

நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானில் பாவித்த வாகனங்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின் புதிய மாதிரிகளும் வருகின்றன. வாங்கும்போது மைலேஜையும் ஏலத்தாளையும் துருவித் துருவிப் பார்க்கிறோம். பின் இருக்கை எச்சரிக்கை இருக்கிறதா, எந்த வகை என்று கேட்பவர் குறைவு. மெனு ஜப்பானிய மொழியில் இருப்பதால், இருக்கும் வசதியும் அணைக்கப்பட்டே கிடக்கலாம். விற்பவரிடமே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அதே ஜப்பானில் 2022 செப்டெம்பரில், ஷிசுவோகா மாகாணத்தின் மக்கினோஹாரா நகரில், முன்பள்ளி பஸ்ஸுக்குள் 3 வயதுச் சிறுமி சுமார் 5 மணித்தியாலங்கள் விடப்பட்டு மரணித்தாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது. அன்று வழமையான சாரதி வரவில்லை, முன்பள்ளியின் தலைவரே பஸ்ஸை ஓட்டியிருந்தார். மீண்டும் அதே கதை, பழக்கம் மாறிய நாள்.

2023 ஏப்ரல் முதல் அங்கே முன்பள்ளி பஸ்களில் பாதுகாப்புக் கருவி கட்டாயமானது. அனுமதிக்கப்பட்ட வகைகளில் ஒன்று மிக எளிமையானது. என்ஜினை நிறுத்தியதும் எச்சரிக்கை ஒலிக்கும், அதை நிறுத்தும் பொத்தான் பஸ்ஸின் பின்பகுதியில் இருக்கும். சாரதி ஒவ்வொரு இருக்கையையும் கடந்து போனால்தான் சத்தம் நிற்கும். பிள்ளைகளுக்கும் ஹோர்ன் அடிக்கப் பழக்கினார்கள், கையால் முடியாவிட்டால் அதன் மேல் உட்காரச் சொல்லி.

இங்கே பாடசாலைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய வேன்கள். அவற்றுக்கு ரேடார் வராது. ஆனால் ஒரு பஸரும் பின் வரிசையில் ஒரு சுவிட்சும் வைக்க ஊரிலுள்ள ஓட்டோ எலக்ட்ரீஷியனால் முடியும். முன்பள்ளி நிர்வாகமும் மத்ரஸா நிர்வாகமும் வேன் சாரதிகளைக் கூப்பிட்டு, அடுத்த தவணை தொடங்கும் முன் இதைப் பொருத்தச் சொல்லலாம். செலவில் ஒரு பகுதியைப் பெற்றோர் பகிர்ந்துகொண்டால் எந்தச் சாரதியும் மறுக்கமாட்டார். பிள்ளை வராத நாளில் காலை எட்டரைக்குள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கும் வழக்கத்தையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.