படிவத்தில் கொட்டும் குப்பை: லாட்ஜ்காரர்கள் கவனத்துக்கு

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. காவடி எடுத்து வரும் குடும்பம் லாட்ஜின் இணையதளத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருக்கும் படிவத்தில் பெயர், எண், தேதி எல்லாம் எழுதி அனுப்புகிறது. அது போய் விழுவதோ, 'உங்கள் தளத்தை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்', 'கிரிப்டோவில் போட்டால் இரட்டிப்பு' போன்ற குப்பைகளின் நடுவே. பொறுமையிழந்த மேலாளர் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடுகிறார். அறை கேட்டவர்களுக்குப் பதிலே போவதில்லை.

இந்தக் குப்பையைப் பெரும்பாலும் 'பாட்' என்னும் தானியங்கி நிரல்கள்தான் கொட்டுகின்றன. படிவம் எங்கே கண்டாலும் நிரப்பிவிட்டு நகர்ந்துவிடும். சின்ன ஊர், சின்ன தளம் என்ற கணக்கு அவற்றுக்குக் கிடையாது.

தொல்லைதானே என்று விடவும் முடியாது. 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 'என் புகைப்படத்தை அனுமதியின்றிப் போட்டிருக்கிறீர்கள், வழக்குப் போடுவேன், ஆதாரம் இந்த லிங்கில்' என்று நிறுவனங்களின் தொடர்புப் படிவம் வழியாக மிரட்டல்கள் வந்தன. லிங்க் கூகுள் பக்கத்துக்கே போனதால் சந்தேகம் எழவில்லை. அதைத் திறந்து கோப்பை இறக்கியவர்களின் கணினியில் நுழைந்தது வங்கி விவரங்களைத் திருடும் 'ஐஸ்டு-ஐடி'. படிவத்தில் வரும் லிங்கை எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம்.

தடுக்கும் வழிக்குப் பெரிய செலவில்லை. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வைப்பது முதல் வேலை, 'ஹனிபாட்' என்பார்கள். மனிதர் அதைப் பார்க்க மாட்டார், பாட் நிரப்பிவிடும்; நிரம்பி வந்ததை அப்படியே ஒதுக்கிவிடலாம். அடுத்தது, எழுதுவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா. கிளவுட்ஃபிளேரின் 'டர்ன்ஸ்டைல்' இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் கட்டத்தை மட்டும் ஒட்டிவிட்டு, சர்வரில் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சர்வர் சரிபார்க்காத கேப்ச்சா பூட்டில்லாத கதவு. தளம் செய்து கொடுத்தவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

'உங்கள் செய்தி கிடைத்தது' என்று எழுதியதையே திருப்பி அனுப்பும் தானியங்கி நகலை நிறுத்திவிடுவது நல்லது. பாட் படிவத்தில் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டால், உங்கள் தளமே அவருக்குக் குப்பை அனுப்பும். பிறகு நீங்கள் அனுப்பும் உண்மையான முன்பதிவு உறுதிக் கடிதமும் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும்.

தமிழும் ஆங்கிலமும் தவிர மற்ற எழுத்தையெல்லாம் தடுத்துவிடலாம் என்ற யோசனை திருத்தணிக்கு ஒத்துவராது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருபவர் தெலுங்கில்தான் எழுதக்கூடும்.

சட்டம்? மின்னஞ்சல் தொல்லையையும் தொட்டிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. தீர்ப்பு சரிதான். ஆனால் மின்னஞ்சல் குப்பைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர ஆட்சியாளர்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணில் புகார் செய்தும் பயனில்லை. அது தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமே.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ, திருவள்ளூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்துமூலம் புகார் தரலாம். பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு அறிக்கை, ஸ்கிரீன்ஷாட், வந்த செய்தியின் முழு நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சர்வர் பதிவையும் உடனே கேட்டு வாங்குங்கள். நாளானால் அது அழிந்துபோகும். 'இது எங்கள் எல்லையில்லை' என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது; குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு.

அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தக் குவியலில் அறை கேட்ட குடும்பம் ஒன்று இருக்கலாம். லிங்கை மட்டும் திறக்காதீர்கள்.