செம்புத் தேவியின் இரும்பெலும்புகள்

நியூயோர்க் துறைமுக வாயிலில் வலக்கரத்தில் தீபத்தை உயர்த்தி நிற்கும் சுதந்திர தேவியைப் படத்திலேனும் காணாதார் அரியர். அதனைக் கல்லிற் செதுக்கியதென்றோ வெண்கலத்தில் வார்த்ததென்றோ பலரும் எண்ணுவர். உண்மையில் அத்தேவியின் மேனி, ஓரங்குலத்தின் பத்திலொரு பங்கு தடிப்புமில்லாத செப்புத் தகடேயாகும். பாதந்தொட்டுத் தீபம்வரை 151 அடி உயர்ந்த அவ்வுருவம், இத்துணை மெல்லிய தோலைப் போர்த்துக்கொண்டு, 1886ஆம் ஆண்டு தொடக்கம் கடற்காற்றுக்கு எதிரே நிற்பது எங்ஙனம்?

சிலையை வகுத்தவர் பிரான்சு நாட்டுச் சிற்பி பார்த்தோல்டி. வார்ப்புச் சிலையாயின் அதன் பாரத்தைக் கடல் கடந்து கொண்டுசெல்லுதல் அரிது. ஆதலால் அவர் தகட்டு வேலையைத் தெரிந்துகொண்டார். சிறிய மாதிரியுருவைப் படிப்படியாகப் பெருப்பித்து, முழு அளவிற் பகுதி பகுதியாகச் சாந்தினாற் செய்து, அதன் வளைவுகளுக்கு இசைய மர அச்சுகள் அமைத்தனர். அவ்வச்சுகளிற் செப்புத் தகட்டை இட்டு, உட்புறமாகச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவேற்றினர். நம்மூர்க் கன்னார் குடத்திற்கு வயிறு எடுப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

தோல் ஆயிற்று, எலும்பு வேண்டுமே! முதலில் ஆலோசனை கூறிய கட்டடக் கலைஞர் வியொலே லெ டுக் 1879இல் காலமாகவே, பொறுப்பு ஈபெலிடம் வந்தது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோபுரம் எழுந்தது அதன் பின்னர், 1889இலேயே. இரும்புப் பாலங்கள் பல கட்டிக் காற்றின் வலிமையை நன்கறிந்தவர் அவர். தேவியின் ஆடை மடிப்புகளெல்லாம் காற்றுக்குப் பாய்விரித்தாற் போன்றவை என்பதை உணர்ந்து, சிலையின் நடுவே நான்கு கால்களையுடைய இரும்புக் கோபுரமொன்றை நிறுத்தினார். அதிலிருந்து கிளைச் சட்டங்கள் புறப்பட்டன; அவற்றின் நுனியில், தகட்டின் உட்புற வளைவை ஒட்டி வளைத்த தட்டையான இரும்புப் பட்டைகள் அமைந்தன.

ஈபெலின் நுண்ணறிவு விளங்குமிடம் இதுவே. பட்டைகளைத் தகட்டுடன் அவர் இறுகப் பிணைக்கவில்லை. தகட்டில் அறைந்த செப்புக் கவ்விகளினூடே பட்டைகள் சற்றே வழுக்கிச் செல்ல இடம் விட்டார். வெயிலிற் செம்பு விரியும், குளிரிற் சுருங்கும், காற்றடித்தால் அசையும். அசையவிட்டால் கிழியாது. மணிக்கு 50 மைல் வேகக் காற்றிலே சிலை மூன்று அங்குலமும் தீபம் ஆறு அங்குலமும் ஆடுமாம்.

1885இல் 214 பெட்டிகளில் தேவி கப்பலேறி வந்து சேர்ந்தாள். அப்போது பீடம் கட்டப் பணம் போதவில்லை! புலிற்சர் என்னும் பத்திரிகை அதிபர், காசு கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் தம் பத்திரிகையில் அச்சிடுவதாக வாக்களித்தார். ஓரிலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொடுத்தனர். அவர்களுட் பெரும்பாலார் தந்தது ஒரு டொலரிலும் குறைவு. 1886 ஒக்டோபர் 28ஆந் தேதி சிலை திறக்கப்பட்டபோது அதன் நிறம் புதுச் செப்புக்காசின் நிறம். இன்று நாம் காணும் பச்சை, பின்னர் காற்றும் ஈரமும் பூசியது. உள்ளிருக்கும் செம்பைக் காப்பதும் அப்பச்சைப் படலமே.

இரும்பின் கதை வேறு. செம்பும் இரும்பும் உப்பு நீரிலே தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலத்தில் நிகழ்வதே அங்கும் நிகழும், இரும்பு கரையும். இதனையறிந்தே இரண்டுக்குமிடையில் அரக்கில் தோய்த்த அஸ்பெஸ்டோஸ் வைக்கப்பட்டது. காலப்போக்கில் அது இற்றுப்போயிற்று. கறளேறிய பட்டைகள் பருத்துக் கவ்விகளை நெம்பின; தறையாணிகள் பிய்ந்து வந்தன. வழுக்குவதற்கென விட்ட இடமெல்லாம் கறளால் அடைபட, ஈபெலின் சூத்திரமே செயலற்றுப்போகும் நிலை வந்தது. கடற்கரைப் பட்டினங்களில் யன்னற் கம்பி வைத்தவர்கள் இத்துன்பத்தை அறிவார்கள்.

1984இல் சாரங்கட்டிப் பெரும் பழுதுபார்ப்புத் தொடங்கியது. சிலை தளர்ந்துவிடாதபடி, ஒரு வேளையிற் சில பட்டைகளை மட்டுமே கழற்றி, அதே வளைவில் துருவேறா உருக்கினாற் செய்தவற்றைப் பொருத்தினர். அரக்கின் இடத்தைத் தெப்லோன் பெற்றது. அக்காலை வெளியான மற்றொரு செய்தி: தலை தன் இடத்திலிருந்து இரண்டடி விலகிப் பொருத்தப்பட்டிருந்தமையால், முடியின் கதிரொன்று வலக்கையில் உராய்ந்து துளையிட்டிருந்ததாம்!

தீபத்தை மட்டும் காப்பாற்ற இயலவில்லை. ஒளி வேண்டிச் செப்புச் சுடரை வெட்டிக் கண்ணாடி பதித்தமையால் மழைநீர் புகுந்து அரித்துவிட்டது. 1986இல் பொற்றகடு வேய்ந்த புதுச்சுடர் ஏறியது. பழையது, 2019இல் அத்தீவிலேயே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.